நம்பிக்கையும் ஓர் அமானிதம்

2023 ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள் சென்றிருந்தன. தெல்தெனியவில் என் தாத்தாவின் வீட்டு விறாந்தையில் இஷாவுக்குப் பின்னர் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றே அழைப்பர்; வேறு பகுதி வாசகர்கள் பாட்டனார் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தாத்தாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்பது உறுதியாகி அப்போது மூன்று மாதங்கள். கண்டுபிடிக்கப்பட்டபோதே அது நான்காம் கட்டத்தை அடைந்திருந்தது.

கட்டாரில் தொழில் செய்யும் அவருடைய மூத்த மகன் தொலைபேசியில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் மரபணு மருந்தை அடைத்து இரத்தத்தில் ஏற்றினால், அது புற்றுநோய்க் கலங்களைத் தேடிச் சென்று நோயின் வேரையே திருத்திவிடும் என்று அதில் ஓர் ஆங்கிலக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கூடவே வெளிநாட்டுச் சிகிச்சை நிலையமொன்றின் முகவர் அனுப்பிய கட்டண விபரமும் வந்திருந்தது. வீட்டையும் காணியையும் விற்றால்தான் எட்டக்கூடிய தொகை அது.

அந்தக் காணிக்கு ஒரு கதை உண்டு. மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்பே பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்துள் அமிழத் தொடங்கிவிட்டது. கடை, வீடு, வாப்பா நட்ட பலா மரம் எல்லாம் அதற்குள் போயின. மாற்றாகக் கிடைத்த துண்டில்தான் தாத்தாவின் வீடு நிற்கிறது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் சுவடுகளைப் பார்ப்பதற்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அந்தத் துண்டு வெறும் சொத்தல்ல. ஆனால் உம்மாவின் உயிரா, காணியா என்று பிள்ளைகள் கேட்டபோது யாரால் என்ன சொல்ல முடியும்?

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீதானே படிச்சவன். அந்த மருந்து மெய்தானா?"

முப்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம் தாத்தா" என்று சொன்னேன். இறைவனின் நாட்டத்தைச் சொல்லும் அந்தத் திருவார்த்தையை ஒரு கேள்வியிலிருந்து தப்பி ஓடுவதற்கு நான் பயன்படுத்தினேன். அன்றிரவு சொல்லியிருக்க வேண்டிய பதில் என்ன என்பதைத் தேடுவதே இக்கட்டுரை.

முதலில், காணொளி சொன்னதில் பொய்யில்லாத பகுதியைப் பார்ப்போம். புற்றுநோய் என்பது அடிப்படையில் கலத்தின் கட்டளை ஏட்டில் நேரும் பிழை. பெருகு என்று சொல்லும் மரபணு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது; நில் என்று சொல்ல வேண்டியது ஊமையாகிவிடுகிறது. ஆகவே கட்டளையையே சரிசெய்தால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. பிழையான கட்டளையை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள், இல்லாத கட்டளையைக் கொண்டுசேர்க்கும் எம்.ஆர்.என்.ஏ., தொலைந்த மரபணுவின் நல்ல பிரதி எனப் பல வகை மருந்துகளை ஆய்வுகூடங்களில் இன்று ஆக்கிக்கொள்ள முடிகிறது.

சிக்கல் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. வெறும் ஆர்.என்.ஏ.யை இரத்தத்தில் விட்டால் அங்குள்ள நொதியங்கள் அதனை விரைவிலேயே சிதைத்துவிடும். தப்பினாலும் கலத்தின் மென்சவ்வைக் கடந்து உள்ளே செல்ல அதனால் இயலாது. எனவேதான் அதனைக் கொழுப்பினாலான நனோ துணிக்கைக்குள் பொதிகிறார்கள். இத்தகைய துணிக்கையின் குறுக்களவு ஏறத்தாழ 100 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தினுள் பத்தாயிரம் துணிக்கைகளை வரிசையாக வைக்கலாம்.

இது நமக்குப் புதிதுமல்ல. 2021 ஜூலையில் கண்டி மாவட்டத்தில் மொடர்னா தடுப்பூசி ஏற்றப்பட்டபோது நம் புயங்களுக்குள் சென்றது இதே கொழுப்புத் துணிக்கைக்குள் பொதிந்த எம்.ஆர்.என்.ஏ.தான். அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று அன்று பலரும் கேட்டார்கள். பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் எதுவும் அதில் இல்லை என்பதை உற்பத்தியாளர் முன்னரே அறிவித்திருந்தனர்.

விறாந்தையில் முதலில் எழுந்த கேள்வியும் இத்தகையதுதான். பள்ளிவாசலோடு தொடர்புள்ள உறவினர் ஒருவர், மரபணுவில் கை வைப்பது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று கேட்டார். ஸூரா அந்நிஸாவில் ஷைத்தானின் சூளுரையாக வரும் விடயத்தை அவர் மனதிற் கொண்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1998 இல் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹு சபை, மரபணுப் பொறியியலை நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் பயன்படுத்தலாம் என்றும், மனித இயல்பை விளையாட்டாக மாற்றியமைக்கப் பயன்படுத்தலாகாது என்றும் தீர்மானித்தது. நுரையீரற் கட்டியொன்றுக்கு அனுப்பப்படும் மருந்து பிறக்கவிருக்கும் சந்ததியைத் தொடுவதில்லை. எம்.ஆர்.என்.ஏ. கலத்தின் மரபணு ஏட்டையே தொடுவதில்லை. தன் செய்தியைச் சொல்லிவிட்டுச் சிதைந்துவிடுகிறது. சிதைந்த ஒழுங்கை மீட்டெடுப்பதைப் படைப்பை மாற்றுதல் என்று கொண்டால், முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டுவதும் குற்றமாகிவிடும்.

நமது வட்டங்களில் இத்தகைய விடயங்கள் வரும்போது ஆகுமா, ஆகாதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆகும் என்று தீர்ப்புக் கிடைத்தால் ஒழுக்கப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையான பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தாத்தா கேட்டது ஹலாலா என்று அல்ல. மெய்யா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஓர் அளவுகோலைத் தந்தவர் இமாம் கஸ்ஸாலி. ஹிஜ்ரி 505 இல் (1111) மறைந்த அவர், இஹ்யாவில் தவக்குல் பற்றிய பகுதியில் தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது மக்தூஃ, நிச்சயமானது: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி. உயிர் போகும் நிலையில் இதனை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது, அது ஹராம். இரண்டாவது மழ்னூன், பெரும்பாலும் பயன் தரும் என்று எதிர்பார்க்கத்தக்கது: இரத்தம் குத்தி எடுத்தல், பேதி மருந்து முதலிய அக்கால வைத்திய முறைகள். இவற்றை நாடுவது தவக்குலுக்கு மாறானதல்ல, விட்டாலும் தடையில்லை. மூன்றாவது மவ்ஹூம், பயன் உண்டென்று கற்பனை மாத்திரமே செய்யக்கூடியது: சூடு போடுதல் போன்றவை. இதன் பின்னால் ஓடாதிருப்பதே தவக்குலின் நிபந்தனை என்கிறார்.

தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்திய இப்பகுப்பு இன்றைய வைத்திய ஆய்வின் நடைமுறைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மருந்தைக் கட்டங்கட்டமாகச் சோதிப்பது எதற்காக? அதனை மவ்ஹூமிலிருந்து மழ்னூனுக்கும், முடிந்தால் மக்தூஃவின் கிட்டவும் கொண்டுவருவதற்காகத்தான். எனவே மரபணு மருந்து நல்லதா, கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதிற் பொருளில்லை. எந்த மருந்து, எந்த நோய்க்கு, இன்று எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் விடைகள் வேறுபடுகின்றன. 2018 இல் அமெரிக்காவில் பட்டிசிரான் என்ற மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. நரம்புகளைப் பழுதாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கானது அது; கொழுப்பு நனோ துணிக்கையிற் பொதிந்து செலுத்தும் ஆர்.என்.ஏ. மருந்துகளுள் முதலில் அங்கீகாரம் பெற்றது. அது வென்றதற்கு ஒரு காரணம், பிழையான புரதம் ஈரலில் உற்பத்தியாவது. இரத்தத்தில் ஏற்றப்படும் கொழுப்புத் துணிக்கைகள் இயல்பாகவே ஈரலை நாடுகின்றன. அந்நோயைப் பொறுத்தவரை மருந்து போக வேண்டிய இடமும் அது தானாகப் போகும் இடமும் ஒன்றாகிவிட்டன.

புற்றுநோய்க் கட்டி அவ்வாறல்ல. 2016 இல் டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்திய பத்தாண்டின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விலங்குகளிற் செலுத்தப்பட்ட நனோ துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைந்த பங்கு, நடுத்தர மதிப்பாக 0.7 சதவீதம் மாத்திரமே. ஆயிரத்தில் ஏழு. எஞ்சியவை ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கியோ வெளியேறியோ போயின. "தேடிச் சென்று" என்று காணொளி சொன்னதை இந்த எண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தாத்தாவின் நோய்க்கே நேரடியாகப் பொருந்தும் முயற்சியும் ஒன்று உண்டு. நுரையீரற் புற்றுநோயில் அடிக்கடி தொலைந்துபோகும் டி.யு.எஸ்.சி.2 என்ற மரபணுவைக் கொழுப்பு நனோ துணிக்கையில் இட்டு நரம்பூசி மூலம் ஏற்றும் முறையை அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் சோதித்தார்கள். 31 நோயாளர் பங்குகொண்ட முதற்கட்டச் சோதனையின் முடிவு 2012 இல் வெளியானது. மரபணு கட்டியைச் சென்றடைந்து வேலை செய்ததற்குச் சான்று கிடைத்தது. ஒரு சிலரில் நோய் சில மாதங்கள் வளராது நின்றது. அவ்வளவுதான். அது சிறிய விடயமல்ல. ஆனால் வீடு விற்றுப் பெற வேண்டிய ஷிபாவும் அல்ல.

இன்னும் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து அவருக்கென்றே ஆக்கப்படும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்து, மெலனோமா என்ற தோற் புற்றுநோயை வெட்டி அகற்றிய 157 பேரில் சோதிக்கப்பட்டது. ஏற்கெனவே பாவனையிலுள்ள நோயெதிர்ப்பு மருந்தோடு இதனையும் சேர்த்துப் பெற்றவர்களில், நோய் திரும்புதல் அல்லது மரணத்தின் அபாயம் 44 சதவீதம் குறைந்திருந்ததாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். நாங்கள் விறாந்தையிற் கூடிய அதே 2023 மே மாதத்தில் கணையப் புற்றுநோய் பற்றிய ஒரு சிறு ஆய்வு வெளியானது: சத்திரசிகிச்சைக்குப் பின்னர் இத்தகைய மருந்தைப் பெற்ற 16 பேரில் 8 பேரின் உடல் அதற்கு எதிர்வினை காட்டியது. இவையெல்லாம் மழ்னூனின் வாசலில் நிற்பவை. ஆயினும் இவை கட்டியை அகற்றிய பின் நோய் திரும்பாதிருக்கக் கொடுக்கப்பட்டவை. உடலெங்கும் பரவிய நான்காம் கட்ட நோயாளிக்கு இவற்றைக் காட்டி ஆசையூட்டுவது, மேற்றிசையை விசாரித்தவனுக்குக் கீழ்த்திசைக்கு வழிகாட்டுவது போன்றது.

அந்த முகவரிடம் மருமகன் என் வேண்டுகோளின்படி மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டான். இது பதிவுசெய்யப்பட்ட ஆய்வுச் சோதனையா? எந்த நாட்டின் அதிகாரசபை இதற்கு அனுமதி வழங்கியது? முன்னர் சிகிச்சை பெற்றோரின் முடிவுகள் எங்கே வெளியாகியுள்ளன? மூன்றுக்கும் பதில் வரவில்லை. கட்டணத்தில் கழிவு தருவதாக மாத்திரம் பதில் வந்தது. முறையான ஆய்வுச் சோதனையிற் பொதுவாகப் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்பதில்லை. முதற்கட்டச் சோதனையின் நோக்கம்கூட மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் அறிவதுதான். வந்தவரைக் குணப்படுத்துவோம் என்று அது வாக்களிப்பதில்லை. மவ்ஹூமான ஒன்றை மக்தூஃவின் விலைக்கு விற்பவன் அளவையில் மோசடி செய்பவன். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் குர்ஆன் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாமறிவோம். அரிசியை அளப்பதற்கு உள்ள அந்த ஒழுக்கம் நம்பிக்கையை அளப்பதற்கு இல்லாமற் போகுமா?

இதை நான் முகவருக்கு மட்டும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை "ஸுப்ஹானல்லாஹ், புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்ற குறிப்போடு பத்துப் பேருக்கு அனுப்பும் நமக்கும் இது பொருந்தும். மருத்துவத்தின் பெயரால் பரப்பப்பட்ட கற்பனையால் வதைபட்ட சமூகம் நம்முடையது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பரப்பிய வதந்தி பள்ளிவாசலையும் கடைகளையும் தாக்குவதற்குச் சாட்டாயிற்று. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. அடுத்த வாரமே திகனயிலும் தெல்தெனியவிலும் எரிந்த கடைகளின் புகையை நாங்கள் சுவாசித்தோம். 2019 இல் குருநாகலையில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகப் பழி சுமத்தினார்கள். 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை, நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற வாதத்தைச் சொல்லி, அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலையும் மீறி, நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை அமைச்சரவை எடுப்பதற்கு 2024 ஜூலை வரை காலம் சென்றது. கற்பனையை விஞ்ஞானம் என்று சொல்வதன் விலையை இவ்வளவு அறிந்த நாம், நமக்கு இனிப்பான கற்பனை வரும்போது மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளலாமா?

இங்கே என் மருமகன் எழுப்பிய ஆட்சேபத்தை நான் மறைக்கக் கூடாது. "மாமா, நீங்கள் சொல்லும் அந்த 31 பேரும் கற்பனைக்குப் பின்னால் போனவர்கள்தானே. அவர்கள் போகாதிருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒரு முடிவாவது இருந்திருக்குமா?" என்று அவன் கேட்டான். இதற்கு என்னிடம் உடனே விடையிருக்கவில்லை. அவன் சொன்னது சரி. 2023 ஒக்டோபரில் எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற கத்தலின் கரிக்கோ பல வருடங்கள் நிதி மறுக்கப்பட்டு, பதவியிறக்கப்பட்டு, யாரும் நம்பாத ஒன்றைத் தொடர்ந்தவர். அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் மீதே 2020 இன் தடுப்பூசிகள் எழுந்தன. மவ்ஹூமில் உழைக்க யாரும் இல்லையென்றால் மழ்னூன் என்ற படிக்கு எதுவும் ஏறாது.

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தென்பட்டது இது. கஸ்ஸாலியின் பகுப்பு, மூன்றாம் படியிலுள்ளதற்குத் தன் தேட்டத்தையும் மனதையும் பறிகொடுக்காதே என்று நோயாளிக்குச் சொல்வது. அப்படியில் உழைக்கும் ஆய்வாளரை அது தடுக்கவில்லை. தன் நோய் தீராது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டே, பின்னால் வருவோருக்காகச் சோதனையிற் பங்குகொள்பவரையும் அது தடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த 31 பேரும் பின்வருவோருக்கு ஒரு கொடையைக் கொடுத்தவர்கள். அதனை ஸதகா ஜாரியா எனலாமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். ஆனால் கொடை கொடையாவதற்கு, கொடுப்பவர் தாம் கொடுப்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். குணமாகும் என்று நம்பவைத்து ஒருவரைச் சோதனைக்கு உட்படுத்தினால் அங்கே கொடை இல்லை, பறிப்புத்தான் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே ஊசி. இடையில் ஓர் உண்மைச் சொல் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே ஒன்று தியாகமாகவும் மற்றது மோசடியாகவும் ஆகிறது.

இனிச் சொல்லப்போவது எனக்கு வெட்கமானது. காணொளி வந்ததிலிருந்து ஏழு வாரங்கள் எங்கள் குடும்பம் அந்த மருந்தைப் பற்றியே பேசிற்று. காணி விலை பேசினோம். கடன் கேட்டோம். உள்ளூரில் இருக்கும் இளைய மருமகன் கடவுச்சீட்டுக்கு ஓடித் திரிந்தான். அந்த ஏழு வாரங்களும் தாத்தா இரவில் வலியால் உறங்கவில்லை. கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த மோர்ஃபின் மருந்து அலுமாரியில் அப்படியே கிடந்தது. அது போதைப்பொருள், பழகிவிடும், அறிவை மயக்கும், கடைசி நேரத்தில் கலிமா சொல்ல விடாது. இப்படி ஆளுக்கொன்று சொன்னோம். நானும் மறுத்துப் பேசவில்லை.

மோர்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் புற்றுநோயின் வலியைப் பெரும்பாலானோரிற் கணிசமாகத் தணிக்கும். தேவையின்போது வைத்தியத்துக்காக இத்தகையவற்றைப் பயன்படுத்துவதற்கு நம் பிக்ஹில் இடமுண்டு. வலியில் துடிப்பவரால்தான் தொழுகையிலும் திக்ரிலும் மனதை நிறுத்த முடியாது. தாகத்துக்குத் தண்ணீர் என்று இமாம் சொன்னாரே, அதற்கு மிகக் கிட்ட நின்ற மருந்து எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. நாங்களோ கடல் கடந்த கற்பனைக்குக் காணி விலை பேசிக்கொண்டிருந்தோம். நிச்சயமானதை விட்டு நிச்சயமற்றதைத் துரத்தினோம். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்தோம்.

ஒரு சுப்ஹுக்குப் பின் தாத்தாவிடம் தனியே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மருந்து பொய்யல்ல. ஆனால் அது இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஆட்கள் கேட்பது இல்லாத ஒன்றுக்கான பணம். உங்கள் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்று இல்லை. கண்டி ஆஸ்பத்திரியிற் கொடுக்கும் சிகிச்சை நாட்களைக் கொஞ்சம் கூட்டலாம். வலியைக் குறைக்கும் மருந்து அலுமாரியில் இருக்கிறது. இத்தனை நாள் தராதது எங்கள் பிழை. தாத்தா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப காணிய விக்க வாணாம். அந்த மருந்த எடுத்துத் தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு உறங்கினார்.

அவ்வருடம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு அங்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் நோயெதிர்ப்புக் கலங்களை வெளியே எடுத்து, வைரஸ் மூலம் மரபணுவைப் புகுத்தித் திரும்ப ஏற்றும் முறை அது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கானது. அமெரிக்க விலையிற் பத்தில் ஒன்று என்ற அளவிற் கிடைப்பதாகச் சொன்னார்கள். மருமகன் மீண்டும் ஓடிவந்தான். இம்முறை நான் தப்பி ஓடவில்லை. இது மெய், ஆனால் உம்மாவின் நோய்க்கானதல்ல என்றேன். அவன் அழுதான். பின்னர் உம்மாவின் அருகிற் போய் இருந்தான். கற்பனை ஒழிந்த இடத்தில் மனிதர் அருகில் இருக்க நேரம் கிடைக்கிறது என்பதை அன்று கண்டேன். 2024 ஜனவரியில் தாத்தா வபாத்தானார். அதற்கு முதல் நாள் வரை எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார்.

இதிலிருந்து நம் சமூகத்துக்குச் சொல்லத் தோன்றுவது இரண்டு. ஒன்று, வெளிநாட்டுச் சிகிச்சைக்கென்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் துண்டு விரிக்கப்படும்போது, பணம் போடுவதோடு விசாரிக்கவும் வேண்டும். நாங்கள் முகவரிடம் கேட்ட மூன்று கேள்விகளையும் கேட்கத் தெரிந்த ஒரு வைத்தியரோ ஆசிரியரோ ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கிறார். அவரிடம் கேட்பது நோயாளியை அவமதிப்பதாகாது. ஏமாற்றப்படாமல் அவரைக் காப்பதும் நம் கடமை.

மற்றது, நிச்சயமானதற்கு நம் பணம் போக வேண்டும். 2016 இல் கதீஜா மன்றத்தினர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்றுக்காக நிதி திரட்டியபோது இனம், மதம் பாராது இந்நாட்டு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். மகனின் புற்றுநோயைக் கண்ட ஒரு முஸ்லிம் தகப்பனின் முயற்சியாகத் தொடங்கியது அது. பர்ளு கிபாயாவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் காலத்தில் எனக்குத் தெரியாது. 2022 இன் நெருக்கடியில் சாதாரண மருந்துகளே ஆஸ்பத்திரிகளில் இல்லாமற்போன நாடு நம்முடையது. நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பது, கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் செலவு, வலி நிவாரணம் போன்றவை இன்றும் பலருக்கு எட்டாதிருக்கின்றன.

நனோ துணிக்கைகள் நிற்கும் படி நாளை மாறும். பத்து வருடங்களின் பின் தெல்தெனியவில் இன்னொரு சகோதரி இதே கேள்வியைக் கேட்டால், மெய்தான் தாத்தா என்று பதில் சொல்ல ஒருவனுக்கு வாய்க்கலாம். அன்று கேள்வி வேறாக இருக்கும்: அந்த மருந்து விக்டோரியாவின் கரைக்கு வந்து சேருமா, காணி இல்லாதவளுக்கும் கிடைக்குமா என்பதாக. நெக்ஸ்கார்19 இன் விலை இறங்கியது அதனை அருகிலேயே ஆக்கியதால்தான். நம் நாட்டிலும் 2008 இலிருந்து நனோ தொழில்நுட்ப நிறுவகம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுட் சிலராவது அந்தக் கல்வியின் பக்கம் போனால் அக்கேள்விக்கும் ஒருநாள் பதில் இருக்கும். அதுவரை, நோயாளியின் கட்டிலருகே இருப்பவன் இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். தாத்தாவின் கேள்விக்கு ஏழு வாரம் பிந்திப் பதில் சொன்னவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.